நாலாவது மவுஸ்பேட்

மார்ச் 4, செவ்வாய்

மவுஸ்பேட் கிழிந்துவிட்டது என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். உண்மையைச் சொன்னால் நான்தான் கிழித்தேன்.

ஓரமெல்லாம் ஏற்கெனவே நூல் நூலாகப் பிரிந்திருந்தது. மணிக்கட்டு உரசுகிற இடத்தில் துணி வழுக்கையாகி, அடி ரப்பர் பல்லிளித்தது. கம்ப்யூட்டரில் துப்பாக்கி ஆட்டம், ஜெயித்திருக்க வேண்டியது. சரியாகத் திரும்புகிற நேரத்தில் மவுஸ் அந்த வழுக்கையில் தடுக்கி நின்றது, எதிரி என் மண்டையில் சுட்டான். பேட்டை இரண்டு கையாலும் பிடித்து நடுவில் கிழித்தேன். அதுவும் போதவில்லை. கண்ணாடி டம்ளரை எடுத்துச் சுவரில் வீசினேன். டைலரின் காதுக்கு ஒரு சாண் தள்ளிப் போய் உடைந்தது.

டைலர் என்றால் என் கணவன். என்னைவிட இரண்டு வயது சின்னவன், அதனால் கல்யாணத்துக்கு முன்பிருந்தே வா, போ தான். முன்னறையின் ஒரு மூலையில் அவன் தையல் மெஷின், எதிர் மூலையில் என் கம்ப்யூட்டர். அவன் எழுந்து, தைத்துக்கொண்டிருந்த சட்டையை உதறி, கண்ணாடித் துண்டுகளைப் பொறுக்கினான்.

"போன வருஷம் கன்னத்துல ஒண்ணு. மழைக்காலத்துல முதுகுல ஒண்ணு. நான் எதையும் மறக்கல. இன்னொரு தடவ உன் கை என் மேல பட்டுச்சுன்னா மெஷினத் தூக்கிக்கிட்டு அக்கா வீட்டுக்குப் போயிடுவேன்" என்றான்.

கத்திச் சொல்லியிருந்தால் நானும் கத்தியிருப்பேன். அவன் கத்தவில்லை.

இன்று அவன் மேல் படவில்லையே? டம்ளர்தானே?

மார்ச் 5, புதன்

டீ வைத்தான். எனக்கு எவர்சில்வர் டம்ளரில்.

மார்ச் 8, சனி

ஏப்ரல் 6 எங்கள் அணிக்கு ஆன்லைனில் தகுதிச் சுற்று. ஜெயித்தால் பெரிய போட்டி. எங்கள் அணித்தலைவர் ஒரு மருந்துக்கடைக்காரர், எந்த நேரமும் மாத்திரை எடுத்துக் கொடுக்கிற குரலிலேயே பேசுவார். "முதல்ல ஒரு நல்ல பேட் வாங்கும்மா, சுத்தி" என்றார். அணியில் என் பெயர் சுத்தி, சுத்தியலின் சுத்தி. சும்மா வைக்கவில்லை.

கடைக்கு டைலரும் வந்தான். கடைக்காரர் பத்துப் பன்னிரண்டு பேட்களைப் பரப்பினார். ஓரம் தைத்தது, தைக்காதது. ரப்பர் மெல்லிசு, ரப்பர் தடிமன். துணியில் வியர்வை பட்டால் ஊறும், பிளாஸ்டிக்கில் ஊறாது, ஆனால் மவுஸின் பாதம் தேயும். எதை எடுத்தாலும் ஒரு நொள்ளை.

"கண்ணாடி பேட் ஒண்ணு இருக்கு மேடம். பத்து வருஷம் ஆனாலும் தேயாது."

"ஓங்கிக் குத்தினா?"

"எதுக்கு மேடம் குத்தணும்?"

பின்னால் டைலர் சிரித்தான். நாலு நாள் கழித்து முதல் சிரிப்பு. கெட்டிப் பிளாஸ்டிக்கில் ஒன்று வாங்கிக்கொண்டு வந்தோம். வழியெல்லாம் "எதுக்கு மேடம் குத்தணும்" என்று சொல்லிச் சொல்லிக் காட்டினான். எனக்கும் சிரிப்பு வந்தது.

மார்ச் 11, செவ்வாய்

பிளாஸ்டிக் மூன்று நாள் தாங்கியது. மூலைக்கு மூலை விரிசல். என் விரல் முட்டியில் லேசாக வீக்கம், வேறொன்றுமில்லை.

மார்ச் 14, வெள்ளி

இன்று நடந்ததை எழுதாவிட்டால் மண்டை வெடித்துவிடும்.

டப்பா ஃபேக்டரியில் நான் ஓட்டுவது பிரஸ். தகட்டை வைத்தால் அச்சு இறங்கி டின் மூடியாக வெட்டித் தள்ளும். அச்சு சும்மா இறங்காது. இடது பக்கம் ஒரு பட்டன், வலது பக்கம் ஒரு பட்டன், இரண்டையும் இரண்டு கையால் சேர்ந்தாற்போல் அழுத்த வேண்டும். கை இரண்டும் பட்டனில் இருந்தால் அச்சுக்கு அடியில் இருக்க முடியாது அல்லவா. அதற்காகத்தான் அந்த ஏற்பாடு.

நாலாம் நம்பர் மெஷின்காரி ஒரு பட்டனைத் துணி போட்டு அழுத்திக் கட்டிவிட்டாள். ஒரு கை மிச்சமானால் தகட்டைச் சீக்கிரம் தள்ளலாமாம். பதினொரு மணிக்கு ஒரு சத்தம். அவள் கத்தவே இல்லை, கையைப் பார்த்துக்கொண்டு நின்றாள். இரண்டு விரல் நுனி மூடியோடு மூடியாகக் கீழே கிடந்தது. பொறுக்கிப் பையில் போட்டது நான்தான். அப்போதும் என் வாய் சும்மா இருந்ததா? "கையை எங்க வைக்கணும்னு தெரியாதவளுக்கு எதுக்குடி மெஷின்" என்று திட்டினேன். ரத்தம் சொட்டச் சொட்ட நிற்கிறவளை.

சூப்பர்வைசர் வந்ததும் முதல் வேலையாக, "அவளே கட்டினாள்னு எல்லாரும் எழுதிக் கையெழுத்துப் போடுங்க" என்றான். அவளை வண்டியில் ஏற்றக்கூட இல்லை அதற்குள். அவன் சட்டையைக் கொத்தாகப் பிடித்துச் சுவரோடு சாத்தினேன். தலை இடித்த சத்தம் நன்றாகக் கேட்டது. நன்றாகவும் இருந்தது. பொய் எழுத மாட்டேன், நன்றாக இருந்தது.

ஒரு வாரம் வேலைக்கு வரக் கூடாதாம்.

மார்ச் 16, ஞாயிறு

கழிவுத் தகட்டில் ஒரு அலுமினியத் துண்டு முன்பே எடுத்து வைத்திருந்தேன். அரத்தால் ஓரம் ராவி மேசையில் போட்டேன். யானை மிதித்தாலும் ஒன்றும் ஆகாது. ஆனால் மவுஸை இழுக்கும்போதெல்லாம் கிறீச்.

"பல்லு கூசுது. எடுத்துப் போடு அத. நான் தைச்சுத் தரேன்" என்றான் டைலர்.

"மவுஸ்பேட்டா?"

"பேன்ட்டே தைக்கிறேன், இதென்ன பிரமாதம்."

மார்ச் 23, ஞாயிறு

என் கை எவ்வளவு தூரம் போகும் என்று டேப்பால் அளந்தான். மற்றவர்கள் மணிக்கட்டை ஆட்டி ஆடுவார்கள், நான் முழங்கையோடு இழுத்து ஆடுகிறவள், எனக்குப் பெரிய இடம் வேண்டும். "இப்ப திரும்பு. இப்ப சுடு" என்று சொல்லிச் சொல்லி அளந்தான். காதில் பென்சில். சோபாவுக்குப் போடுகிற கெட்டித் துணியில் மேல்பக்கம், அடியில் ரப்பர் ஷீட், நடுவே பசை. அதன் மேல் என் அலுமினியத் தகட்டை வைத்து, தகட்டின் மேல் அரிசி டப்பா. பசை நன்றாகக் காய வேண்டுமாம்.

"ஓரத்த மடிச்சு ரெட்டைத் தையல் போடுறேன். பேன்ட் அடிமடிப்பு மாதிரி. நீயே இழுத்தாலும் பிரியாது."

அவனை எனக்குப் பிடிக்கும். எவ்வளவு பிடிக்கும் என்று அவனிடம் ஒருநாளும் சொன்னதில்லை.

ஏப்ரல் 5, சனி

பேட் தயார். கறுப்பு. அழகு. ஊசி நாலு உடைந்ததாம். சும்மா இரண்டு சில்லறை ஆட்டம் ஆடிப் பார்த்தேன், வெண்ணெய் மாதிரி போகிறது. நாளைக்கு இருக்கிறது அவர்களுக்கு.

ஏப்ரல் 6, ஞாயிறு

தோற்றோம்.

டைலரின் விரல்

ஏப்ரல் 7, திங்கள்

நடந்தது இதுதான்.

கடைசிச் சுற்று. எங்களில் நான் ஒருத்திதான் மிச்சம், அவர்களிலும் ஒருத்தன். பின்னால் காலடிச் சத்தம். முழுக்கத் திரும்பக் கையை இழுத்தேன். இழுத்த வேகத்தில் மவுஸ் போய் ஓர மடிப்பில் இடித்தது. அந்த மடிப்பு மேல்பக்கமாக வரம்பு மாதிரி எழும்பி நிற்கிறது. நேற்றைய சில்லறை ஆட்டத்தில் கை அவ்வளவு தூரம் போகவே இல்லை, அதனால் தெரியவில்லை. மவுஸ் துள்ளியது. செத்தேன். ஹெட்போனில் மருந்துக்கடைக்காரர், "பரவால்லம்மா, பரவால்ல" என்றார். அந்தப் பரவாயில்லைதான் என்னைக் கொளுத்திவிட்டது.

டைலர் எழுந்து வந்தான். எனக்குப் பயப்படாமல்தான் வந்தான். "எங்க இடிச்சுது?" என்று குனிந்து, இடது ஆள்காட்டி விரலால் அந்த மடிப்பைத் தடவிப் பார்த்தான். தையலில் குறை சொன்னால் எல்லாருடைய துணியையும் அவன் அப்படித்தான் தடவிப் பார்ப்பான். ஊசிக்கு முன்னால் துணியைத் தள்ளிக் கொடுக்கிற விரல் அது.

என் கையில் மவுஸ் இருந்தது. மேசையை ஓங்கிக் குத்தினேன். அங்கே அவன் விரல் இருந்தது. நான் கவனிக்கவில்லை.

எலும்பு இரண்டு இடத்தில் உடைந்திருக்கிறது. ஆறு வாரம் கட்டு. ஆஸ்பத்திரியில் கேட்டதற்கு, கதவில் மாட்டிக்கொண்டது என்று அவனே சொல்லிவிட்டான். நான் பக்கத்தில் நின்றேன்.

ஏப்ரல் 8, செவ்வாய்

நேத்து எழுதினது பொய். பாத்தேன். அவன் விரல் அங்க இருக்கறதப் பாத்துட்டுத்தான் அடிச்சேன். ஒரு நொடி இருந்துச்சு, கைய வேற பக்கம் இறக்கியிருக்கலாம். இறக்கல. வலிக்கட்டும்னு நெனச்சேன். சூப்பர்வைசர் தல சுவத்துல இடிச்சப்ப நல்லா இருந்துச்சே, அது மாதிரி ஒரு நொடி நல்லா இருந்துச்சு.

நாலாம் நம்பர்காரி அவளுடைய கையைத்தானே அச்சுக்கு அடியில் விட்டாள். நான்?

ஏப்ரல் 12, சனி

நாத்தனார் வந்தார். டைலரைவிடப் பத்து வயது பெரியவர், தம்பியைத் தூக்கி வளர்த்தவர். கட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். கதவுக் கதை அவரிடம் எடுபடவில்லை.

"கதவுக்கு ஏன்மா கண்ணு செவந்திருக்கு?" என்றார் என்னிடம்.

 அவர் என்னை நாலு அறை விட்டிருந்தால் தேவலாம் போலிருந்தது. தைக்க வந்திருந்த துணிகளை மூட்டை கட்டி, வேறு டைலரிடம் கொடுப்பதற்கு எடுத்துப் போனார். தம்பியைக் கூப்பிட்டார். "கட்டு பிரிக்கட்டும்க்கா. மெஷினோடதான் வருவேன்" என்றான் அவன்.

அப்படியென்றால் அவன் மனசு வாசல் வரை போயாகிவிட்டது. கட்டுக்காகத்தான் நிற்கிறான்.

ஏப்ரல் 15, செவ்வாய்

காலையில் அவன் சட்டைப் பொத்தானைப் போட்டுவிடக் கை எடுத்தேன். கண்ணை இறுக்கி மூடிக்கொண்டான். நான் போட்டது பொத்தான். அவன் எதிர்பார்த்தது வேறு.

ஏப்ரல் 19, சனி

அவனுடைய தையல் சாக்பீஸை எடுத்து என் மேசையில் இடது ஓரம் ஒரு வட்டம், வலது ஓரம் ஒரு வட்டம் போட்டேன். உள்ளங்கை அளவு. கோபம் ஏறினால் இரண்டு கையும் இரண்டு வட்டத்தில். பிரஸ்ஸில் ஒன்பது வருஷமாக ஒரு கீறல் வாங்காமல் கை வைக்கத் தெரிந்தவள் நான். வீட்டில் மட்டும் தெரியவில்லை என்றால் யார் நம்புவார்கள்.

டைலர் பார்த்தான்.  நானே சொன்னேன். "சரி" என்றான்.

ஏப்ரல் 27, ஞாயிறு

மருந்துக்கடைக்காரர் கூப்பிட்டார். இப்போதைக்கு வரவில்லை என்று சொல்லிவிட்டேன். போனை வைத்ததும் கீபோர்டை உடைக்கத் தோன்றியது. வட்டத்தில் வைத்தேன். அழுத்திய வேகத்தில் வலது வட்டம் பாதி அழிந்தது. திரும்பப் போட்டேன்.

மே 6, செவ்வாய்

வட்டத்தில் கை, இன்று மூன்று தடவை.

மே 19, திங்கள்

கட்டைப் பிரித்தார்கள். விரல் நுனிக் கணு மடங்கவில்லை. மடங்காது என்கிறார் டாக்டர். டைலர் வீட்டுக்கு வந்து ஒரு பழைய துணியை ஊசிக்கு அடியில் வைத்து ஓட்டிப் பார்த்தான். தையல் கோணிக்கொண்டு போனது. பிரித்தான். நடுவிரலால் துணியைத் தள்ளி ஓட்டினான். கோணல் கொஞ்சம் குறைந்தது. மறுபடி பிரித்தான். நான் அடுப்படியில் நின்று அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மன்னிச்சுடு என்று சொல்ல வாயெடுத்தேன். ஆறு வாரத்தில் அதை நூறு தடவை சொல்லியாகிவிட்டது. ஒவ்வொரு தடவையும் அவன்தான் "சரி, சரி" என்று என்னைச் சமாதானப்படுத்த வேண்டியிருக்கிறது. அதனால் சொல்லவில்லை.

மே 24, சனி

நாலு நாளாக, நான் வேலையிலிருந்து வரும்போதெல்லாம் எதையோ மடியில் வைத்துப் பிரித்துக்கொண்டிருக்கிறான். என்னவென்று கேட்டால் "பழைய வேலை" என்கிறான்.

மே 25, ஞாயிறு

காலை பத்து மணிக்கு நாத்தனார் வந்தார், கூட ஒரு வண்டிக்காரர். டைலர் துணிப்பையைக் கட்டி வைத்திருந்தான். பாபின் டப்பா, கத்தரிக்கோல், டேப் எல்லாம் அதில். சாக்பீஸ் மட்டும் என் மேசையிலேயே கிடந்தது. எடுத்துக் கொடுக்கப் போனேன். "இருக்கட்டும், உனக்கு வேணும்" என்றான்.

பிறகு அந்தக் கறுப்புப் பேட்டைக் கொண்டுவந்து மேசையில் விரித்தான். மடிப்பு முழுவதையும் பிரித்து, ஓரத்தைத் துணியோடு மட்டமாக வெட்டி, நெருக்க நெருக்கமாகச் சுற்றித் தைத்திருந்தான். இரண்டு இடத்தில் தையல் கோணியிருந்தது.

"இனிமே இடிக்காது."

"இத எதுக்குப் பண்ணினே?"

"தப்பாத் தைச்சது நான். அப்படியே விட்டுட்டுப் போனா மனசுக்கு ஒப்பாது. என் தப்ப நான் சரி பண்ணிட்டேன்" என்றான். குத்திக் காட்டவில்லை. அவனுக்குக் குத்திக் காட்டத் தெரியாது.

வண்டிக்காரரும் நாத்தனாரும் மெஷினைத் தூக்கினார்கள். நான் நாற்காலியில் உட்கார்ந்து இரண்டு கையையும் வட்டத்தில் வைத்தேன். உடம்பெல்லாம் எரிந்தது. எழுந்து போய் மெஷின் காலைப் பிடித்துப் பிடுங்க வேண்டும் போலிருந்தது. கதவைச் சாத்தி அதன் மேல் சாய்ந்துகொள்ள வேண்டும். வண்டிக்காரரைப் படியில் உருட்டிவிட வேண்டும். டைலரின் சட்டையைப் பிடித்து, போகாதேடா என்று உலுக்க வேண்டும். பல்லைக் கடித்ததில் தாடை வலித்தது. கையை எடுக்கவில்லை. டைலர் வாசலில் நின்று என் கைகளைப் பார்த்தான். முகத்தைப் பார்க்கவில்லை, கைகளைத்தான். கொஞ்ச நேரம் பார்த்தான். அப்புறம் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கினான்.

மெஷின் ஒவ்வொரு படியாக இடித்துக்கொண்டு போகிற சத்தம் கேட்டது. வண்டி கிளம்பிய சத்தம் அடங்கும் வரை கையை எடுக்கவில்லை. எடுத்தபோது இரண்டு உள்ளங்கையிலும் சாக்பீஸ்.

மவுஸை எடுத்து இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரைக்கும் முழங்கையோடு இழுத்துப் பார்த்தேன். எங்கேயும் இடிக்கவில்லை.