சர்வரில் ஒரு பல்பர்

மே 2, வெள்ளி

காலையிலிருந்து மேகம் வாசலிலேயே நிற்கிறது. இரண்டு நாளாகத் துணி காயவில்லை. கரண்ட் வேறு போய்ப் போய் வருகிறது.

வாழவந்தி துரைசாமி அண்ணனின் எஸ்டேட் பங்களாவுக்கு வெப்சைட். அறை பதிவு செய்ய. சேர்வராயன் கோயில் திருவிழாக் கூட்டம் வருவதற்குள் ஓட வேண்டும். ஓடினால் பக்கத்து எஸ்டேட்காரர்களும் வருவார்கள், நான் ஏற்காட்டிலேயே இருந்துகொள்ளலாம். இல்லாவிட்டால் பழையபடி பெங்களூர் கம்பெனி, ஹாஸ்டல் சாம்பார். அடுத்த வெள்ளிக்குள் பதில் கேட்டிருக்கிறார்கள்.

வெப்சைட்டை நான் எழுதியதும் அது ஓடுவதும் ரூபி என்ற மொழியில். இன்று சர்வரில் ஏற்றினேன். சிவப்பாக ஒரு வரி: ஜாவாஸ்கிரிப்ட் ரன்டைம் இல்லை. ஜாவாஸ்கிரிப்டை ஓட்டுகிற நோட் என்ற மென்பொருளைப் போட்டால் தீர்ந்தது. ஆனால் சர்வர் பாஸ்வேர்டு அண்ணனின் மருமகனிடம். சேலத்தில் கம்ப்யூட்டர் கடை வைத்திருக்கிறார். போனில் பாடம் நடத்தினார்.

"ஏனுங்க, ஜாவாஸ்கிரிப்ட் பிரவுசர்ல ஓடறது. அத எதுக்குங்க சர்வர்ல போடோணும்? சும்மா எடத்த அடைக்குமுங்க."

அரைகுறையாகத் தெரிந்தவரிடம் பேசுவதற்குப் பதில் ஒன்றுமே தெரியாதவரிடம் பேசலாம்.

மே 4, ஞாயிறு

பேசினேன். பஸ் பிடித்து வாழவந்தி. அண்ணன் பலாப்பழம் அறுத்துக்கொண்டிருந்தார். கையெல்லாம் எண்ணெய்.

நான் எழுதுகிற ஃபைல்களை பிரவுசருக்கு ஏற்றபடி சர்வரிலேயே மாற்றிச் சுருக்க வேண்டும், சுருக்குகிற கருவி ஜாவாஸ்கிரிப்டில் எழுதியது, ரூபிக்கு அதை ஓட்டத் தெரியாது என்றேன்.

"ஒண்ணும் வெளங்கல கண்ணு. பழம் சாப்புடு."

கடுப்பில் வந்த வார்த்தை: "காபி குடிக்கறது சேலத்துல. அதுக்காக காபிப் பழத்த தோலுரிக்கற பல்பர் மெஷின் எஸ்டேட்ல வேண்டாம்னு சொல்லுவீங்களாண்ணா?"

"அதெப்புடி? பழத்த அப்புடியே அனுப்புனா அழுகிப் போயிருமே!"

"அதேதானுங்க."

அந்த இடத்திலேயே மருமகனுக்குப் போன். சாயங்காலம் நோட் ஏறியது. வெப்சைட் ஓடுகிறது. என் உவமையை நானே மெச்சிக்கொண்டேன்.

மே 7, புதன்

மழை. தலைவலி.

வெப்சைட்டில் போட அண்ணன் கொடுத்தது ரீசார்ஜ் செய்யாமல் விட்ட பழைய நம்பராம். அறை கேட்டு அழைப்பவர்களையெல்லாம், இப்போது அந்த நம்பரை வைத்திருக்கும் ஆத்தூர் டெய்லர் யாரோ எடுத்துத் திட்டுகிறார். நம்பரை மாற்றி ஏற்றினால் அதே சிவப்பு வரி. நோட்டைக் காணோம்!

அண்ணனைக் கூப்பிட்டேன்.

"நாந்தான் மாப்ளைய எடுக்கச் சொன்னேன் கண்ணு. வேலதான் முடிஞ்சுதே. சித்திரையில எவன் பல்பர் ஓட்டுவான்? பழம் பறிச்சு முடிஞ்சதும் மாசியோட கழுவி, கிரீஸ் போட்டு மூடிருவோம். நீதான பல்பர் மாதிரின்ன?"

பாதி நியாயம் வேறு. ஒருமுறை மாற்றியபின் பக்கம் அது இல்லாமலே ஓடும். ஒவ்வொரு திருத்தத்துக்கும் மறுபடி வேண்டும் என்பதை யார் சொன்னது? நான் சொல்லவில்லை.

"என் செடி தெனமும் பழுக்குமுங்கண்ணா!" கத்தியே விட்டேன்.



"அப்ப கழட்டக் கூடாதுங்கற."

"கூடாதுங்க!"

மே 9, வெள்ளி

வெயில். துணி காய்ந்தது.

நோட் திரும்ப வந்தது, நம்பர் மாறியது. திருவிழா வாரத்துக்கு பங்களா முழுக்க நிரம்பிவிட்டதாம். பக்கத்து எஸ்டேட்காரர் இரண்டு பேர் வெப்சைட் கேட்கிறார்கள். "புள்ளைக்கு நொம்பக் கோவம் வருது, ஆனா வேல தெரியும்" என்று அண்ணன் சிபாரிசு.

பெங்களூருக்கு எழுதிவிட்டேன், வரவில்லை என்று. அனுப்பியதும் அழுகை வந்தது. சந்தோஷம்தான்.

கண்ணைத் துடைப்பதற்குள் மருமகனிடமிருந்து வாட்ஸ்அப்:

"நோட்தான் முக்கியம்னு மாமா சொன்னாருங்க. அத தொடமாட்டேன். சர்வர்ல ரூபின்னு ஒண்ணு கெடந்துச்சு, அத எடுத்துட்டேனுங்க."