கப்பலுக்கு முன்னே ஒரு நாள், பின்னே ஒரு நாள்

எனக்கென்று ஒரு வடையைத் தனியே மூடிவைக்கும் என் அக்காவுக்கு,

இத்தனை நாள் வாயை மூடிக்கொண்டிருந்தது போதும். நீ போன அன்றே பேசியிருக்க வேண்டியவன். சாவு வீட்டில் சண்டை வேண்டாம் என்று இருந்துவிட்டேன். முதல் தெவசத்திலும் பேசவில்லை. போன ஞாயிற்றுக்கிழமை உனக்கு இரண்டாவது தெவசம். அன்று அங்கே கேட்டதை இனியும் உள்ளே வைத்திருக்க முடியாது. அதனால் எழுதுகிறேன்.

அந்தக் கப்பல் பேச்சு வந்த சாயங்காலம் உனக்கு ஞாபகம் இருக்கிறதா? பெங்களூர் ஜோகுபாளையம் வீட்டில் நீ முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாய். உன் வீட்டுக்காரர் பீன்யா பாக்டரியிலிருந்து ரிட்டையர் ஆகியிருந்த சமயம். அதைக் கொண்டாட லட்சத்தீவுக்குக் கப்பலில் உங்கள் வீட்டார் எல்லோருக்கும் இடம் போட்டிருப்பதாக உன் மகன் முரளி சொன்னான். கொச்சியில் ஏறி, தீவுகளைப் பார்த்துவிட்டு, கொச்சியிலேயே இறங்க வேண்டும். உன் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. நீ கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"பஸ்ஸுல திருத்தணி போனாலே எனக்கு ஒரு நாள் தல சுத்தும். ஏறுறதுக்கு முன்னாடி ஒரு நாள் கொச்சில தங்கிக்கலாம்டா. எறங்கினப்புறம் ஒரு நாள். நாம போன கப்பல் திரும்பக் கெளம்பிப் போறத கரையில உக்காந்து பாக்கணும்."

"கொச்சில என்னம்மா இருக்கு? சும்னே ரெண்டு நாள் வேஸ்ட்" என்றான் முரளி, அவனுடைய கன்னடம் கலந்த தமிழில். ராத்திரி பஸ் பிடித்தால் காலையில் கொச்சி, மத்தியானம் கப்பல். இறங்கிய சாயங்காலமே திரும்ப பஸ். திங்கட்கிழமை அவன் அமெரிக்காக்காரனோடு போனில் பேசியாக வேண்டுமாம். அவள் கேட்கிற நாளைக் கொடுங்களேன் என்று நான் சொன்னேன். "மாமா, நீங்க காலேஜ் வாத்தியார். உங்களுக்கு லீவே சம்பளத்தோட வருது" என்றான். உன் வீட்டுக்காரரும் அவனோடு சேர்ந்து சிரித்தார். நீ கீரைத் தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாய்.

பிறகு நடந்ததை ஆஸ்பத்திரியில் நீயே எனக்குச் சொன்னாய். ராத்திரி முழுக்க பஸ்ஸில் வாந்தி. கால் நிலத்தில் ஊன்றும் முன்பே கப்பல் ஏறியாகிவிட்டது. தீவுக்குப் பக்கத்தில் கப்பல் போகாது, ஏணியில் இறங்கிச் சின்னப் படகுக்கு மாற வேண்டும். படகுக்காரர் கை நீட்டினார். நீ பின்வாங்கிவிட்டாய். மற்றவர்கள் இறங்கிப் போனார்கள். ஒருத்தராவது உன்னோடு இருக்கிறேன் என்று சொன்னார்களா? அதை நான் கேட்டபோது நீ வேறு பேச்சுக்குப் போனாய்.

"ரூம்ல வட்டமா ஒரு ஜன்னல்டா தம்பி. தண்ணி வந்து வந்து அடிக்கும். முரளி வீட்டு வாஷிங் மெஷினப் பாக்குற மாதிரியே இருந்துச்சு. உள்ள நம்ம துணிதான் இல்ல."

சொல்லிவிட்டுச் சிரித்தாய். சிரிப்பு இருமலானது, இருமல் நிற்கவில்லை, நர்ஸ் வந்து என்னை வெளியே போகச் சொன்னாள்.

கப்பலிலிருந்து இறங்கியதும் உன்னைக் குளிர்பதன பஸ்ஸில் ஏற்றினார்கள். பெங்களூர் வருவதற்குள் காய்ச்சல், பிறகு நிமோனியா, பிறகு நீ வீடு திரும்பவே இல்லை. நுரையீரல் ஏற்கெனவே பலவீனம் என்றார் டாக்டர். அந்த ஒரு வாக்கியத்தை எல்லோரும் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார்கள். டாக்டரோடு நான் வாதம் செய்யப் போவதில்லை. கரையில் ஒரு நாள் படுத்திருந்தால் நீ பிழைத்திருப்பாயா என்று எனக்குத் தெரியாது. ஆனால் நீ கேட்டாய். கேட்டும் கொடுக்கவில்லை.

இதைவிட அருவருப்பு எது தெரியுமா? "கடலப் பாக்கணும்னு ஆசப்பட்டா. பாத்துட்டுத்தான் போனா, புண்ணியவதி" என்று உன் வீட்டுக்காரர் வருகிறவர்களிடமெல்லாம் சொல்கிறார். நீ கப்பல் அறையில் படுத்திருந்தபோது அவர்கள் தீவுக் கடையில் வாங்கிய சங்கு ஒன்று உன் படத்துக்கு முன்னால் இருக்கிறது. பக்கத்தில் பிளாஸ்டிக் மல்லிகை. நீ எந்தக் கடலைப் பார்த்தாய், அக்கா?

ஞாயிற்றுக்கிழமைக்கு வருகிறேன். தெவசம் முரளியின் புது பிளாட்டில். சமையல் ஆர்டர் கொடுத்து வந்தது. வடை ஆறிப் போய் ரப்பராக இருந்தது. காக்கைக்குச் சோறு வைக்க பால்கனிக்குப் போனேன். அவ்வளவு உயரத்துக்குக் காக்கை வரவில்லை. அங்கே வாஷிங் மெஷின் சுற்றிக்கொண்டிருந்தது. கொஞ்ச நேரம் நின்று பார்த்தேன்.

உள்ளே வந்தால் இலை எடுப்பதற்குள் லேப்டாப் திறந்தாகிவிட்டது. அடுத்த மாதம் சிங்கப்பூரிலிருந்து ஒரு கப்பல் பயணமாம். மூன்று நாள் முன்னாலேயே போய்ச் சிங்கப்பூரில் தங்குகிறார்களாம். கப்பல் முடிந்த பிறகு இன்னும் மூன்று நாள். மருமகள் ஓட்டல் படங்களைக் காட்டினாள். நீச்சல் குளம், காலைச் சாப்பாடு, கடைவீதி. நான் எதுவும் கேட்கவில்லை. முரளியே சொன்னான்.

"கப்பல்ல ஏறுற அன்னைக்கே அந்த ஊர்ல போய் எறங்கக் கூடாது மாமா, ஒடம்பு தாங்காது. அம்மா ட்ரிப்புல அந்தத் தப்பப் பண்ணிட்டோம். செம டயர்டு. எனக்குச் சரியாக ஒரு வாரம் ஆச்சு."

எனக்கு. அவனுக்கு.

உன் வீட்டுக்காரர் பாயசத்தை உறிஞ்சிக்கொண்டே தலையாட்டினார். "வயசானவங்களுக்குக் கரையில ரெஸ்ட் அவசியம் மச்சான். நீயும் வாயேன், ரூம்ல எனக்குத் தொணையா இருக்கும்."

நான் கை கழுவிவிட்டுப் படியிறங்கினேன். துக்க காரியம் நடந்த வீட்டில் போய் வருகிறேன் என்று சொல்லிக்கொள்ளக் கூடாதல்லவா? அதனால் நான் கோபத்தில் போனது கூட யாருக்கும் தெரியவில்லை. முறைப்படி நடந்துகொண்டேன் என்றே நினைத்திருப்பார்கள்.

தசரா விடுமுறையில் நான் கொச்சிக்குப் போகிறேன், அக்கா. எந்தக் கப்பலிலும் ஏறப் போவதில்லை. முதல் நாள் உனக்காகச் சும்மா படுத்திருப்பேன். மறுநாள் கரையில் உட்கார்ந்து, ஒரு கப்பல் கிளம்பி, சின்னதாகி, மறைகிறவரை பார்ப்பேன். அது வரைக்கும் எழுந்திருக்க மாட்டேன். இது சத்தியம்.

இந்தக் கடிதத்தை, ஊர்ப் பெயர் ஆள் பெயரையெல்லாம் மாற்றி, நம் தமிழ்ச் சங்க மாத இதழுக்கு அனுப்புகிறேன். உன் வீட்டுக்காரர் அதை அட்டை முதல் அட்டை வரை சத்தமாகப் படிப்பவர். கேட்க மகனும் மருமகளும் உட்கார்ந்திருப்பார்கள். என் பெயரைப் பார்த்தால், இவன் எப்போதும் இப்படித்தான் என்று பாதியில் மடித்துவைப்பார்கள். பெயர் இல்லாவிட்டால் யாரோ எவரையோ திட்டுகிறார் என்று ருசித்துப் படித்துக்கொண்டே வருவார்கள், பால்கனியில் வாஷிங் மெஷின் வரும் இடம் வரை. உறையை ஒட்டிவிட்டேன். பெயர் போடவில்லை.

இப்படிக்கு,
உன் தம்பி