சரசா மாமி வீட்டில் கிடைத்த லிங்க்

கோர்படி, புனே
16 நவம்பர் 2008

அன்பு மகள் அகல்யாவுக்கு அம்மா எழுதுவது. நானும் அப்பாவும் சௌக்கியம். அப்பாவின் வலது மணிக்கட்டு மட்டும் சௌக்கியமாக இல்லை, அதற்குக் காரணம் நீ, பின்னால் சொல்கிறேன். டாலஸ் குளிரில் நீயும் மாப்பிள்ளையும் உடம்பைப் பார்த்துக்கொண்டு நன்றாக இருக்க வேண்டும் என்று தினமும் வேண்டிக்கொள்கிறேன். ஈமெயில் இருக்கும்போது எதற்குக் காகிதம் என்று கேட்பாய். ஈமெயிலை இரண்டு வரி படித்துவிட்டு ஓகே மா என்று பதில் போட்டுவிடுவாய், இதையாவது உட்கார்ந்து படிப்பாய் என்றுதான்.

முதலில் உன் ப்ளாக் விஷயம். சமையல் எழுதுகிறாய், சந்தோஷம். புளிக்குழம்பை என் அம்மாவின் கைப்பக்குவம் என்று போட்டுவிட்டு அதில் பழுப்புச் சர்க்கரை சேர்க்கச் சொல்லியிருக்கிறாயே, அந்த அம்மா யார் என்று தெரிந்தால் தேவலை, நான் வெல்லத்தைத் தவிர வேறெதையும் போட்டதில்லை. அது போகட்டும். எழுதினால் மட்டும் போதாது, மற்றவர்கள் தங்கள் ப்ளாக்கிலிருந்து நம் பக்கத்துக்கு லிங்க் கொடுத்தால்தான் கூகுள் நம்மை மதித்து மேலே கொண்டுவரும், அதனால் கண்ணில் படுகிற ப்ளாக்குக்கெல்லாம் போய், கீழே நாலு நல்ல வார்த்தை எழுதி நம் முகவரியை விட்டுவிட்டு வாருங்கள் என்று அப்பாவிடம் ஃபோனில் சொன்னாய் பார், அன்றைக்குப் பிடித்தது சனி. டிஃபென்ஸ் அக்கவுண்ட்ஸில் ரிட்டயர் ஆனவருக்கு ஒரு மேலதிகாரி இல்லாமல் பொழுது போகாமல் இருந்தது, நீ கிடைத்தாய். காலைக் காப்பி குடித்ததும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்தால் சாப்பிடக் கூப்பிட்டால்தான் எழுந்திருப்பார். ஆபீஸில் குறிப்பு எழுதின பழக்கம், ஒரே வாசகத்தைத் தயார் செய்து வைத்துக்கொண்டார். தங்கள் பதிவு மிகவும் பயனுள்ளது, இதேபோல் அடிக்கடி எழுதவும், என் மகளின் சமையல் பக்கத்தையும் பார்வையிடவும். ஒரு பெண் குக்கர் வெடித்துக் கையைச் சுட்டுக்கொண்டதை எழுதியிருக்கிறாள், அதற்கும் இதே வாசகம்தான். அவள் என்ன பதில் எழுதினாள் என்று அப்பா என்னிடம் சொல்லவில்லை.

உன் தம்பி சபரி அவருக்கு மேல். ஹைதராபாத்தில் ஆபீஸ் வேலையை விட்டுவிட்டு மூன்று ப்ளாக் திறந்து மூன்றிலும் உன் முகவரியைத் தவிர ஒன்றுமே எழுதாமல் வைத்திருக்கிறான், இப்படிச் செய்தால் கூகுள் ஏமாந்துவிடுமாம். வீட்டு வாடகை கட்ட மறந்து போகிற பையன் கூகுளை ஏமாற்றப் போகிறான். நவராத்திரிக்கு அப்பா என்ன செய்தார் தெரியுமா? கொலுவுக்கு வந்தவர்களுக்கு வைத்திருந்த தாம்பூலப் பைக்குள், எனக்குத் தெரியாமல், தேங்காய்க்கும் ரவிக்கைத் துண்டுக்கும் நடுவே உன் ப்ளாக் முகவரி அச்சடித்த சீட்டைச் செருகிவிட்டார். எதிர் ஃப்ளாட் ருக்மிணி காகு மறுநாள் வந்து, உங்கள் பெண் அமெரிக்காவிலிருந்து அப்பளம் அனுப்புகிறாளா, கிலோ என்ன விலை என்று கேட்டாள். நீ அன்றைக்கு ஃபோனில் கூட்டம் ஏறுகிறது என்று குதித்தாயே, அது ருக்மிணி காகுவின் பேரன் அப்பளம் தேடிப் போனதாக இருக்கும். இதெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம், அதனால்தான் நானும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். இனி எழுதப் போவதற்கு எனக்குச் சிரிப்பு வரவில்லை.

பட்டாபிராமன் மாமா ஆவணியில் போய்விட்டார் என்று சொன்னபோது அய்யோ பாவம் என்றாய், மறு நிமிஷம் வத்தக்குழம்புக்கு ஃபோட்டோ எடுத்து அனுப்பச் சொன்னாய். சரசா மாமியிடம் ஒரு வார்த்தை பேசு என்று ஒவ்வொரு ஃபோனிலும் சொன்னேன், நேரம் ஒத்துவரவில்லை என்றாய். பக்கத்துக் குவார்ட்டர்ஸில் இருந்த காலத்தில் அவர் ரயில்வே டியூட்டி முடிந்து வந்து சட்டையைக்கூட மாற்றாமல் உனக்கு மராத்தி சொல்லிக்கொடுத்தாரே, அப்போது எப்படி நேரம் ஒத்துவந்தது? பத்தாவது பரீட்சையன்று லீவு போட்டுவிட்டு ஸ்கூல் வாசலில் உனக்காகக் கோகம் சர்பத்தோடு நின்றவர் அவர், உன் அப்பா இல்லை.

அவர் மகன் ராம்கி பாணேரில் ஃப்ளாட் வாங்கி மாமியை அங்கே வைத்திருக்கிறான் அல்லவா, அவனும் இங்கிலீஷில் ப்ளாக் எழுதுகிறான். போன வாரம் அப்பாவுக்கு மணிக்கட்டு வலி என்று நான் மவுஸைப் பிடித்தேன். எதில் எழுதினோம் எதில் எழுதவில்லை என்று பார்த்துக்கொண்டே வரும்போது ராம்கியின் பக்கம் வந்தது. தன் அப்பாவின் கடைசி நாட்களைப் பற்றி எழுதியிருந்தான். எனக்கு மேலிருந்து கீழ்வரை படித்துத்தான் பழக்கம், படித்துக் கண் கலங்கி, கீழே யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்க்கிறேன், உன் அப்பாவின் அதே வாசகம். இதேபோல் அடிக்கடி எழுதவும். அப்பா இறந்துபோனதை ஒரு பிள்ளை அடிக்கடி எழுத வேண்டுமாம். உன் அப்பா முகம் வெளிறிப் போய், படிக்காமல் ஒட்டிவிட்டேன் வனஜா என்றார். அதைவிடக் கொடுமை அதற்கு மேலே இருந்தது. அவர் எழுதியதற்கு இரண்டு நாள் முன்பே நீ எழுதியிருக்கிறாய். சூப்பர் பதிவு, என் பக்கத்துக்கும் ஒருமுறை வந்து பாருங்களேன். பக்கத்தில் ஒரு சிரிப்புப் பொம்மை. பட்டாபிராமன் என்ற பெயர் முதல் வரியிலேயே இருக்கிறது அகல்யா. அப்பாவுக்காவது வயசாகிவிட்டது என்று சொல்லிக்கொள்ளலாம். உனக்கு நான் என்ன சொல்லட்டும்? வெட்கமாக இருந்தது, இப்போது எழுதும்போதும் இருக்கிறது.

மறுநாள் காலையிலேயே ரிக்‌ஷா பிடித்து பாணேருக்குப் போனோம். மன்னிப்பு எப்படிக் கேட்பது என்று அப்பா வழியெல்லாம் மனசுக்குள் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தார். மாமி இளைத்துப் போயிருக்கிறாள். காப்பி கொண்டுவந்து வைத்தாள், அப்பா தொண்டையைக் கனைத்தார், அதற்குள் மாமி என் கையைப் பிடித்துக்கொண்டாள். “அகல்யா எழுதியிருந்ததை ராம்கி படிச்சுக் காட்டினான் வனஜா. மாமா வாங்கிக் குடுத்த கோகம் சர்பத்தை இன்னும் மறக்கலையாம். டிசம்பர்ல வரச்சே என்கூட ரெண்டு நாள் வந்து இருக்கேன்னு எழுதியிருக்கா. அத்தனை தூரத்துல இருந்துண்டு கொழந்தைக்கு ஞாபகம் இருக்கு பாரு” என்றாள். மாமிக்கு இங்கிலீஷ் படிக்க வராது. நான் ராம்கியைப் பார்த்தேன், அவன் காப்பி டம்ளரைப் பார்த்துக்கொண்டிருந்தான். அப்பா மன்னிப்பை விழுங்கிவிட்டுக் காப்பியைக் குடித்தார். லிஃப்ட் வரைக்கும் கொண்டுவிட வந்தபோது ராம்கி மெதுவாக, “அகல்யா எழுதியிருக்கான்னு வாய் தவறிச் சொல்லிட்டேன் மாமி, அம்மா உடனே படின்னா. நான் என்ன பண்ணுவேன்” என்றான். ஒரு கடிந்த வார்த்தை இல்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக வீடு வந்து சேர்ந்திருப்பேன். வந்ததும் அப்பா கம்ப்யூட்டருக்குத் துணி போட்டு மூடினார், இன்னும் எடுக்கவில்லை.

நீ எழுதாததை ராம்கி உன் பெயரில் சொல்லிவிட்டான், அதை இனி நீதான் உண்மையாக்க வேண்டும். டிசம்பரில் இங்கே ஒரு வாரம், அதிலும் நாலு நாள் கோவா என்றாயே, கோவா எங்கேயும் ஓடிப்போகாது. மாமி உனக்காக அந்தச் சின்ன அறையைச் சுத்தம் செய்து கட்டிலுக்குப் புது விரிப்பு போட்டு வைத்திருக்கிறாள், என்னை அழைத்துப் போய்க் காட்டினாள். அதற்கு முன்னால் ஃபோன் செய். காலை பூஜை முடித்துவிட்டுச் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறாள், உனக்கு அப்போது ராத்திரியாக இருக்கும், தூங்குவதற்கு முன்னால் செய்தால் போதும். ராம்கி வீட்டு நம்பரைக் காகிதத்தின் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். ப்ளாக்கைப் பற்றி அவளிடம் ஒரு வார்த்தை பேசாதே.

மாப்பிள்ளைக்கும் உனக்கும் எங்கள் ஆசீர்வாதம். தீர்க்க சுமங்கலியாக, குறையொன்றும் இல்லாமல் இரு. குளிரில் காதை மூடிக்கொள், புளிக்குழம்பில் அந்தச் சர்க்கரையை எடுத்துவிடு. ஒன்றை மறந்துவிட்டேன். நாங்கள் கிளம்பும்போது மாமி ராம்கியிடம், நம் அகல்யா பக்கத்தை உன் பக்கத்தில் போடேன், குழந்தை நன்றாக வரட்டும் என்றாள். அவன் அங்கேயே உட்கார்ந்து, அவன் அப்பாவைப் பற்றி எழுதியதற்குப் பக்கத்திலேயே உன் முகவரியைப் போட்டுவிட்டான். நீ கேட்ட லிங்க் கிடைத்துவிட்டது.

உன் அம்மா,
வனஜா