நிறுத்தும் பொத்தான்

சம்பந்தி, முந்தாநாள் பேத்தியின் பனிச்சறுக்குப் பையைத் திறந்தேன். குப்பென்று உங்கள் தைல வாசம். முழங்காலுக்கு என்று சொல்லி உடம்பு முழுக்கப் பூசிக்கொள்கிற ஆளாயிற்றே நீங்கள்! நீங்கள் அவளுக்குப் பாட்டுப் போடுகிற அந்தச் சின்ன ஸ்பீக்கரிலும் அது ஊறிக் கிடக்கிறது. ஆள் போயும் வாசம் போகவில்லை. மாசாய் ஊர்க்காரரான நீங்கள் எதைத்தான் லேசில் விட்டிருக்கிறீர்கள்?

நான் பெண்ணைக் கொடுத்தவன், நீங்கள் பையனைக் கொடுத்தவர். இரண்டு தாத்தாக்களுக்கும் சேர்த்து ஒரே பேத்தி. வெயில் கொளுத்துகிற ஜொகூரில் பிறந்துவிட்டு, பனித்தரையில்தான் ஆடுவேன் என்றாள். பேரங்காடிக்குள் இருக்கும் சறுக்குத் திடலுக்குக் கார் ஓட்டுவது என் வேலை, அங்கே பாட்டுப் போடுவது உங்கள் வேலை. ஸ்வெட்டரும் குரங்குக் குல்லாவுமாக நீங்கள் ஓரத்தில் உட்கார்ந்தால், டுரியான் பழம் திருட வந்தவர் மாதிரியே இருக்கும்.

"காவக்காரன் வந்து புடிச்சுட்டுப் போகப் போறான், சம்பந்தி."

"உங்க மூஞ்சிக்கு என் குல்லா எவ்வளவோ தேவல லா!"

பாப்பா விழுந்தால் போதும். "அலமாக்!" என்று பதறிப் பொத்தானை அழுத்துவீர்கள், பாட்டு நின்றுவிடும். அவள் எழுந்து, பாவாடையைத் தட்டி, மூச்சு வாங்கிய பிறகு முதலிலிருந்து போடுவீர்கள். பயிற்சி கொடுக்கிற பெண் ஏதோ சொல்ல வாயைத் திறப்பாள். உங்கள் முகத்தைப் பார்த்ததும் மூடிக்கொள்வாள்.

போன வருடம் கோலாலம்பூர் போட்டியில் முதல் தாவலிலேயே விழுந்தாள். எழுந்தாள், ஆனால் ஆடவில்லை. பாட்டு ஓடிக்கொண்டிருக்க, பிள்ளை நின்றபடி கூட்டத்தில் உங்களைத் தேடினாள். நீங்களோ என் பக்கத்தில் எழுந்து நின்று, வெறுங்கையில் கட்டைவிரலை அழுத்தி அழுத்தி, அந்த மண்டபத்துப் பாட்டையே நிறுத்தப் பார்த்தீர்கள். அன்றைக்கு எனக்குக் கிண்டல் வரவில்லை. பாப்பாவுக்குக் கடைசி இடம்.

திரும்பும் வழியில் ஆயர் ஈத்தாமில் சாப்பிட நிறுத்தினோம். பாப்பா தட்டைத் தொடவில்லை.

"நான் இனிமே ஆடல, தாத்தா."

அப்போதுதான் கூட வந்திருந்த பயிற்சிக்காரப் பெண் வாயைத் திறந்தாள். "விழுறது பெருசில்ல, ஐயா. நம்ம எடத்துல விழுந்தா பாட்டு நிக்குது. அங்க நிக்கல. எந்திரிச்சு எங்க போய்ச் சேர்றதுன்னு புள்ளைக்குத் தெரியல."

நீங்கள் தேநீரைக் கலக்கிக்கொண்டே இருந்தீர்கள். சீனி எப்போதோ கரைந்துவிட்டது.

"பாப்பா, நான் நிறுத்தல. நீ ஆடுவியா?"

"உங்களால முடியாது, தாத்தா."

"பாரு லா!"

அதற்கப்புறம் பயிற்சியே மாறிவிட்டது. வேண்டுமென்றே விழச் சொன்னாள் அந்தப் பெண். எழுந்ததும், "விட்டத விடு! பாட்டு எங்க இருக்கோ அங்க போ!" என்று கத்தினாள். பாப்பா முதலில் திணறினாள், அழுதாள், அப்புறம் மெல்ல மெல்ல எட்டிப் பிடித்தாள். நீங்கள் வலது கையின் மேல் உட்கார்ந்துகொண்டு, கண்ணை இறுக்க மூடியிருந்தீர்கள்.

"கை மரத்துப் போச்சு, சம்பந்தி."

"அப்படியே நாக்கு மேலயும் உக்காருங்க."

அடுத்த போட்டிவரை நீங்கள் இருக்கவில்லை. நெஞ்சு வலி என்று ஆஸ்பத்திரிக்குப் போனவர், வீடு திரும்பவில்லை. ஸ்பீக்கர் என் கைக்கு வந்தது.

நேற்றுதான் அந்தப் போட்டி. அதே தாவலில் விழுந்தாள். என் கட்டைவிரல் தானாக அழுந்தியது, சம்பந்தி. அவள் கூட்டத்தைப் பார்க்கவே இல்லை. எழுந்தாள், இரண்டே தள்ளு, பாட்டு இருந்த இடத்துக்குப் போய்ச் சுழன்றாள். கடைசிவரை ஆடினாள். நான்காம் இடம்.

"அந்தத் தாத்தா இருந்தா எந்திரிச்சு நின்னுருப்பாருல்ல?"

"நாற்காலி மேலயே ஏறியிருப்பாரு."

சிரித்தாள். அப்புறம் என் ஸ்வெட்டரில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள். அது உங்களுடையதுதான். கேட்காமல் எடுத்துக்கொண்டேன், கோபிக்காதீர்கள்.

ஸ்பீக்கரில் நிறுத்தும் பொத்தான் மட்டும் உங்கள் விரல் பட்டுப் பட்டுச் சாயம் போயிருக்கிறது. அதை நான் தொடுவதில்லை. பயிற்சி முடிந்து பாப்பா காலணி மாற்றப் போன பிறகும், பாட்டு தானாக ஓய்கிறவரை உட்கார்ந்திருக்கிறேன். தலையில் உங்கள் குல்லாவோடு.