குடை, மணி, குதிரை: மூன்று சொற்களை மாற்றக் கோரும் மனு

அனுப்புநர்:
மூத்த மகள்,
நோயாளி எண் 417 (ஓய்வுபெற்ற நில அளவையர்).

பெறுநர்:
மருத்துவக் கண்காணிப்பாளர் அவர்கள்,
பொது மருத்துவமனை.

பொருள்: மறதி நோய்ப் பரிசோதனையில் ஒரே வினாத்தாளைத் திரும்பத் திரும்பப் பயன்படுத்துவது – தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. என் தந்தையை ஆறு மாதத்துக்கு ஒருமுறை தங்கள் முதியோர் பிரிவுக்கு அழைத்து வந்தேன். ஒவ்வொரு முறையும் அதே பத்துக் கேள்விகள். என்ன கிழமை, எத்தனையாவது மாடி. பிறகு குடை, மணி, குதிரை என்ற சொற்களைச் சற்றுப் பொறுத்துத் திருப்பிச் சொல்ல வேண்டும். முதல் முறை எட்டு மதிப்பெண். அடுத்த மூன்று முறையும் பத்துக்குப் பத்து. "அப்பா பாஸ்!" என்றார் செவிலியர். அப்பாவுக்கு மகிழ்ச்சியில் தலைகால் புரியவில்லை.

2. வீட்டிலோ குளியலறை என்று நினைத்து அலமாரியைத் திறந்தார். சந்தேகம் வந்து தம்பி வேறொரு மருத்துவமனைக்கு அழைத்துச் சென்றான். அங்கே அரை மணி நேரத் தேர்வு, சொற்களும் வேறு. கடிகாரம் வரையச் சொன்னார்கள். நாற்பது ஆண்டு வரைபடம் போட்டவர், பன்னிரண்டு எண்களையும் வட்டத்தின் ஒரே பக்கத்தில் நெருக்கி எழுதினார். நோய் தொடங்கி இரண்டாண்டுக்கு மேல் இருக்கும் என்றார்கள்.

3. குறுந்தேர்வைக் குறை சொல்லவில்லை. அவ்வளவு கூட்டத்துக்கு ஒரே மருத்துவர். நோயுள்ளவரை விரைவாகச் சலித்தெடுக்க அது வேண்டும். ஆனால் அதில் தேறியவரை அத்துடன் அனுப்பிவிடக் கூடாது.

4. இனி எழுதுவது என் மீதான புகார். நான் பள்ளி ஆசிரியை. அப்பா "குதிரை"யில் தடுமாறியதைப் பார்த்தபின், ஒவ்வொரு தேர்வுக்கும் முந்தைய வாரம் முழுக்கச் சொல்லிக்கொடுத்தேன். தேர்வு நாளில் மருத்துவமனை மாடிப்படியில் நிறுத்திக் கிழமையை ஒப்பிக்க வைத்தேன். அவர் தோற்பதை என்னால் பார்க்க முடியவில்லை, ஐயா. அவரே ஒருநாள், "எனக்கு என்னமோ ஆகுதும்மா, டாக்டர்கிட்ட சொல்லிடலாமா?" என்று கேட்டார். "அதான் மார்க் நல்லா வந்திருக்கேப்பா, சும்மா இருங்க" என்று வாயை அடைத்துவிட்டேன். தன் காரியங்களைத் தானே தீர்மானிக்க அவருக்கு இருந்த காலம் அப்படிப் போயிற்று.

5. ஆகவே, ஒவ்வொரு வருகைக்கும் சொற்களை மாற்றுங்கள். வீட்டார் சந்தேகப்பட்டால் நீண்ட தேர்வையும் வையுங்கள். கூட வருபவரைத் தனியே அழைத்து, என்ன சொல்லிக்கொடுத்தீர்கள் என்று கேளுங்கள். என்னைக் கேட்டிருந்தால் அழுதிருப்பேன், உண்மையையும் சொல்லியிருப்பேன்.

6. இப்போது அவருக்கு என் பெயர் வருவதில்லை. நான் அறைக்குள் நுழைந்ததும் நிமிர்ந்து உட்கார்ந்து, "குடை, மணி, குதிரை" என்கிறார். சரியா என்று என் முகத்தைப் பார்க்கிறார்.

அந்த மூன்று சொற்களையாவது உடனே மாற்றுமாறு வேண்டும்,

(ஒப்பம்)
417-இன் மகள்

நாள்: மார்ச் 9, திங்கட்கிழமை
இடம்: முதியோர் பிரிவு, இரண்டாம் மாடி