வராத ரயில்

அன்பு மகள் லரிசாவுக்கு,

கடல் தாண்டி அந்தக் கார்க் நகரத்து மழை உன்னைப் படுக்கையில் தள்ளாமல் வைத்திருக்கிறது என்று நம்பி எழுதுகிறேன். இங்கே எங்கள் இருவருக்கும் உடம்பில் குறை ஒன்றும் இல்லை. அப்பாவுக்கு அந்த வலிப்பு கோடைக்குப் பிறகு திரும்ப வரவில்லை, மாத்திரையை நான் சொல்லாமலே எடுத்துக்கொள்கிறார். ஆனால் டாக்டர் இன்னும் வண்டி ஓட்டக் கூடாது என்றே சொல்கிறார், அதனால் காலையில் காப்பிக் கடைக்கு நடந்துதான் போகிறார், நடந்துதான் வருகிறார், நம் ஊர் கனோராவில் எல்லோரும் பார்க்கிறார்களே என்று அவருக்கு அது ஒரு அவமானம். தோட்டத்து முட்டைக்கோசு எல்லாம் உறைபனிக்கு முன்னே வெட்டி உள்ளே வைத்துவிட்டேன். பாதியை ஊறுகாய் போட்டாயிற்று, மீதியில் உனக்குப் பிடித்த அந்தச் சோறு அடைத்த கோசுச் சுருள் செய்து ஃப்ரீசரில் வைத்திருக்கிறேன், யார் சாப்பிடப் போகிறார்கள் என்று தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை போனில் நீ கத்தினாய், நானும் கத்தினேன், கடைசியில் நான்தான் வைத்துவிட்டேன், அது தப்பு. ஆனால் "ஒருத்தன் வீட்டை ரோட்டுல இழுத்துட்டுப் போனா அவனுக்கு முன்னாடி நீ எதுக்கும்மா கொடி கட்டிட்டு ஓடணும், உனக்கு என்ன பைத்தியமா" என்று நீ கேட்ட பிறகுதான் வைத்தேன். உனக்குத் தெரிந்தது பாதி, அதுவும் ஊரார் சிரித்துக்கொண்டே இன்டர்நெட்டில் எழுதிப் போட்ட பாதி. முழுவதையும் சொல்லிவிடுகிறேன், பிறகு என்ன வேண்டுமானாலும் திட்டு.

ஜூன் மாதம் பள்ளிக்கூட பஸ் தடத்தை நிறுத்திவிட்டார்கள் என்று உனக்குத் தெரியும். அந்தப் பக்கத்துப் பண்ணைகளில் ஏற்றிக்கொள்ளப் பிள்ளைகளே இல்லை. இத்தனை வருஷம் விடியற்காலையில் எழுந்து பனியைச் சுரண்டி பஸ்ஸைக் கிளப்பியவள் திடீரென்று வீட்டில் உட்கார்ந்தால் என்ன செய்வாள், சுவருக்கு இரண்டு தடவை வண்ணம் அடித்தேன். அப்போதுதான் மாதா கோயில் கூடத்தில் எல்லோரும் சேர்ந்து உருளைக்கிழங்குக் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தபோது ஜோலீன் சொன்னாள், "ஏன் ஸ்டெஃபா, பின்னாடி நாப்பது வாலுங்க கத்துறப்பவே நேரா ஓட்டினவ நீ, பைலட் வண்டி ஓட்ட உனக்கு என்ன?" என்று. அவள் பல வருஷமாக அதைத்தான் செய்கிறாள். அகலமான சரக்கோ, முழு வீடோ சாலையில் போகும்போது முன்னால் ஒரு வண்டி, பின்னால் ஒரு வண்டி. கூரையில் மஞ்சள் விளக்கும் பலகையும் இருக்கும், முன்னால் போகிறவள் எதிரே வருகிறவர்களை ஒதுக்க வேண்டும், கம்பி தாழ்வாக இருந்தால், பாலம் குறுகலாக இருந்தால் ரேடியோவில் சொல்ல வேண்டும். முதலாளி என்று யாரும் இல்லை. சொந்த வண்டி, சொந்த இன்சூரன்ஸ், கூப்பிட்டால் போக வேண்டியது, கூப்பிடாவிட்டால் வீட்டில் இருக்க வேண்டியது. அப்பாவிடம் சொன்னேன். "ஒரு வீட்டுக்கு முன்னாடி போறதுக்கு ஆளு எதுக்கு, அது என்ன வழி தெரியாம தொலைஞ்சா போகும்?" என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார், ஆனால் அன்றிலிருந்து அந்தப் பேச்சை எடுத்தாலே எழுந்து கொட்டகைக்குப் போய்விடுவார். அவர் உட்கார்ந்திருக்க நான் ஓட்டப் போவதுதான் அவருக்கு வலித்தது என்று எனக்குத் தெரியாமல் இல்லை.

வெர்ன் டெக்கரை உனக்கு நினைவிருக்கும், மர வீடுகளை முழுசாகத் தூக்கி டிரெய்லரில் ஏற்றி வேறு இடத்தில் வைப்பவன், லாரியை அவனே ஓட்டுவான். என்னைவிடச் சின்னவன், ஆனால் குரல் மட்டும் ஊருக்கே மூத்தது மாதிரி. சான்றிதழ் வகுப்பை முடித்துவிட்டு அவனைப் போய்ப் பார்த்தேன். "ஒரு தடவ முன்னாடி வாங்க, பாக்கலாம், பிடிச்சா நீங்க இருங்க, பிடிக்கலன்னா நான் சொல்றேன்" என்றான். புதுசாகக் கல்யாணமான ஒரு ஜோடி வாங்கியிருந்த வீடு அது, காம்சாக் ஊரைத் தாண்டி அவர்கள் நிலத்தில் கொண்டுபோய் வைக்க வேண்டும். சமையலறை ஜன்னலில் திரைச்சீலையைக்கூட யாரும் எடுக்கவில்லை, என் வண்டியின் பக்கக் கண்ணாடியில் பார்க்கும்போதெல்லாம் அது பின்னால் ஆடிக்கொண்டே வந்தது.

பாதி வழி வரைக்கும் நன்றாகத்தான் போனது. தானிய லாரிகள் ஒதுங்கி நின்றன, ஒரு கிழவர் டிராக்டரிலிருந்து தொப்பியை எடுத்து வீட்டுக்கு வணக்கம் சொன்னார், எனக்குச் சிரிப்பு வந்தது. பிறகு காற்று கிளம்பிவிட்டது. மேற்கே வானம் ஈயம் மாதிரி ஆனது, பனி வந்துவிடும் போலிருந்தது. முன்னால் ஒரு இடத்தில் மின்சாரக்காரர்கள் வந்து கம்பியைத் தூக்கிப் பிடிக்க வேண்டும், அவர்கள் தாமதம் என்று செய்தி வந்தது. உடனே வெர்ன் ரேடியோவில், "ஸ்டெஃபா, அடுத்த சரளை ரோட்டுல வலது பக்கம் திரும்புங்க, சுத்திப் போயிடலாம்" என்றான். வீட்டைக் கொண்டுபோக அரசாங்கம் வழி குறித்துக் கொடுத்த பெர்மிட்டில் அந்த ரோடு இல்லை. இல்லையே என்று சொன்னேன். "வழிய நான் பாத்துக்கறேன், நீங்க முன்னாடி ஓட்டுங்க போதும்" என்றான். பின் வண்டியில் வந்த ஜோலீனும் குறுக்கிடவில்லை. நான் திரும்பிவிட்டேன் லரிசா, முதல் நாள் என்று திரும்பிவிட்டேன்.

அந்தச் சாலையில் ஆளில்லாத ஒரு லெவல் கிராசிங். என் பிக்கப் வண்டி தண்டவாளத்தில் ஏறியதும் மூக்கு வானத்தைப் பார்த்தது. அவ்வளவு மேடு. உடனே ரேடியோவை எடுத்து, "வெர்ன், நிறுத்து, தண்டவாளம் மேடா இருக்கு, உன் டிரெய்லர் தாழ்வு, இறங்கிப் பாத்துட்டு வா" என்றேன். "பாத்தாச்சு, வர்றேன்" என்றான். எப்படிப் பார்த்திருப்பான், அவன் இறங்கவே இல்லையே. லாரி தாண்டியது. டிரெய்லர் ஏறியது. வீடு ஒரு தடவை முன்பக்கம் குனிந்து நிமிர்ந்தது, அப்புறம் இரும்பு இரும்பில் உட்காரும் ஒரு சத்தம், என் பல்லெல்லாம் கூசியது. சக்கரம் சரளையை வாரி இறைத்துச் சுற்றியது, வீடு நகரவில்லை. தண்டவாளத்தின் மேலே குறுக்கே உட்கார்ந்துவிட்டது.

வெர்ன் குதித்து இறங்கி ஜாக்கியையும் மரக்கட்டைகளையும் இழுத்துப் போட ஆரம்பித்தான். நான் ஓடிப்போய் ரயில் வந்தால் என்ன செய்வது என்று கேட்டேன். "இந்தத் தடத்துல வாரத்துக்கு ஒண்ணு வந்தா பெருசு, கொஞ்ச நேரம், தூக்கி எடுத்துடுவேன்" என்றான். கிராசிங் கம்பத்தில் ஒரு சின்ன நீலப் பலகை இருந்தது, அவசரத்துக்குக் கூப்பிடும் நம்பரோடு. வகுப்பில் அதைத்தான் முதலில் சொல்லிக்கொடுத்தார்கள். நான் அதன் பக்கம் நடப்பதைப் பார்த்ததும் வெர்ன் கையிலிருந்த கட்டையைக் கீழே போட்டான். "போன் பண்ணா அவங்க வருவாங்க, பெர்மிட்ட கேப்பாங்க, என் தொழிலே போயிடும், புரியுதா? அந்த நம்பர நீ அமுக்கினேன்னு வை, இந்த மாகாணத்துல ஒருத்தனும் உன்னக் கூப்பிட மாட்டான்." என் வேலை ஆரம்பிக்கும் முன்னே முடிந்துவிடும் என்கிறான். அவன் பொய் சொல்லவில்லை லரிசா, எனக்கும் தெரியும். எனக்கு வேலை கொடுக்கிறவன் எவனோ அவனைத்தான் நான் நிறுத்தச் சொல்ல வேண்டியிருக்கிறது, இதுதான் இந்தத் தொழில், அந்த நிமிஷம் வரைக்கும் எனக்கு அது உறைக்கவில்லை.

பலகையில் எழுத்து கலங்கித் தெரிந்தது, மூக்குக் கண்ணாடியை வண்டியிலேயே வைத்துவிட்டேன். திரும்ப ஓடி எடுத்து வந்து நம்பரை அழுத்தினேன். ஒரு பெண் எடுத்தாள். கிராசிங் எண்ணைப் படித்தேன், "திரும்ப ஒரு தடவ சொல்லுங்கம்மா" என்றாள், சொன்னேன். அந்தப் பக்கம் எதையோ தட்டிப் பார்த்தாள். பிறகு அதே நிதானமான குரலில், "அங்க இருக்கிற எல்லாரும் உடனே தண்டவாளத்த விட்டுத் தள்ளிப் போங்க. இப்பவே போங்க" என்றாள். வெர்ன் அப்போது வீட்டுக்கு அடியில் இருந்தான், பூட்ஸ் மட்டும் வெளியே தெரிந்தது. கூப்பிட்டேன், "இன்னும் ஒரு கட்டதான்" என்றான். அப்போது என் வாயிலிருந்து பஸ் ஓட்டும்போது வரும் அந்தக் குரல் வந்தது, பின் சீட்டில் கத்தியை எடுத்த பையனிடம் ஒரு தடவை பேசிய குரல். "வெர்ன் டெக்கர், வெளிய வா. ஒரு வார்த்த பேசாத, வெளிய வா" என்று சொல்லி அவன் பூட்ஸைப் பிடித்து இழுத்தேன். முகமெல்லாம் கிரீஸோடு வெளியே வந்தான். அறுத்த கோதுமை நிலத்துக்குள் அவனைத் தள்ளிக்கொண்டே போனேன். அந்தப் பக்கம் ஜோலீன் தன் வண்டியைப் பின்னால் எடுத்துக்கொண்டு போவது தெரிந்தது.

நின்றோம். தண்டவாளம் இரண்டு பக்கமும் நேராக வானம் வரைக்கும் போகிறது. அந்தத் திரைச்சீலை ஆடுகிறது. நான் தெய்வமாதாவிடம் வேண்டிக்கொண்டேன், வெர்ன் எதையோ முணுமுணுத்தான், அது வேண்டுதலா வசவா தெரியாது. எவ்வளவு நேரம் என்று கேட்காதே, என் வாழ்நாளில் அவ்வளவு நீளமான நேரம் நீ பிறந்த அன்று ஒன்றுதான். பிறகு போன் அடித்தது. அதே பெண். "நிறுத்திட்டோம்மா. ஒரு சரக்கு ரயில், உங்களுக்கு முந்தின ஸ்டேஷன்ல நிக்குது. நீங்க நல்லா இருக்கீங்களா?" என்றாள். நல்லா இருக்கேன் என்று சொல்லிவிட்டு அந்த நிலத்திலேயே உட்கார்ந்துவிட்டேன்.

ரயில்வே ஆட்கள் வந்தார்கள், தடித்த கட்டைகள் கொடுத்து வீட்டைத் தூக்கி இழுத்துவிட்டார்கள், பெர்மிட்டை வாங்கிப் பார்த்தார்கள், வெர்னுக்குக் கொஞ்ச நாள் லாரி எடுக்கக் கூடாது என்று ஆனது. அவன் என்னிடம் கடைசியாகச் சொன்னது, "எங்க உன் ரயில்? வந்துதா? நான் பாக்கலையே." அதோடு முடியவில்லை, காப்பிக் கடையில் போய் அதையே சொன்னான். அதைத்தான் நீ படித்தாய், வராத ரயிலை நிறுத்தினவள் என்று. கடைக்குப் போனால் பின்னால் நின்று ஊ ஊ என்று ஊதுகிறார்கள், ரயில் மாதிரி. மஞ்சள் விளக்கைக் கழற்றி நிலவறையில் போட்டுவிட்டேன். முடிந்தது, இது வேண்டாம் என்று அப்பாவிடம் சொன்னேன். ஜெயித்துவிட்டேன் என்ற முகம் அவரிடம் இல்லை.

அடுத்து நடந்ததை அவர் என்னிடம் சொல்லவே இல்லை, ஜோலீன்தான் சொன்னாள், அவள் அங்கே கவுண்டரில் இருந்தாள். போன வாரம் காப்பிக் கடையில் எல்லோரும் இருந்தார்கள், வெர்னும் இருந்தான். எவனோ ஒருவன், "ஒரெஸ்ட், உன் பொண்டாட்டிகிட்ட சொல்லி இந்த வருஷப் பனியையும் போன் பண்ணி நிறுத்தச் சொல்லேன்" என்றானாம், கடையே சிரித்ததாம். அப்பா கோப்பையை வைத்துவிட்டு, "ரயில் வரலன்னு சிரிக்கிறீங்க. சிரிங்க. அது வரலங்கிறதாலதான் வெர்ன் இங்க உக்காந்து காப்பி குடிச்சிட்டிருக்கான்" என்றாராம். அவ்வளவுதான். தொப்பியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டாராம். வீட்டுக்கு வந்தவர் என்னிடம் சூப் இருக்கிறதா என்று மட்டும் கேட்டார். ஜோலீன் சொன்னாள், அப்புறம் வெர்ன் பாதிக் கோப்பையை விட்டுவிட்டு எழுந்து போனான் என்று.

இரண்டு நாள் கழித்து அவன் போன் பண்ணினான். மன்னிப்பு எல்லாம் இல்லை, அவனுக்கு அது வராது. "எனக்குத் தடை முடிஞ்சுது. ஒரு வீடு இருக்கு. முன்னாடி வர்றீங்களா?" என்றான். நாளைக்குச் சொல்கிறேன் என்று வைத்துவிட்டேன். அன்று முழுக்க வீட்டுக்குள் நடந்துகொண்டே இருந்தேன். வேண்டாம் என்று சொல்ல எனக்கு உரிமை உண்டு, ஊரில் வேறு ஆட்கள் இருக்கிறார்கள், ஆனால் அவன் முன்னால் போகிறவள் வாயை மூடிக்கொண்டு போகிறவளாக இருந்தால் என்ன ஆகும் என்று நினைக்காமல் இருக்க முடியவில்லை. மறுநாள் நானே கூப்பிட்டேன். "வழி முழுக்க முந்தின நாளே நான் ஓட்டிப் பாப்பேன். பெர்மிட்ல இல்லாத ரோட்டுல திரும்ப மாட்டேன். நான் நிறுத்துன்னா நீ நிறுத்தணும், ஏன்னு அப்புறமா கேளு. முடியாதுன்னா இப்பவே சொல்லிடு" என்றேன். நான் வைத்துவிடப் போனேன். "சரி" என்றான்.

நீ பயமாக இல்லையா என்று கேட்டாயே, இருக்கிறது. இன்றைக்கும் கண்ணை மூடினால் அந்த இரும்புச் சத்தம் கேட்கிறது. அங்கே வந்து உன்னோடு இருக்கச் சொல்கிறாய், டாக்டர் விட்டால் கோடையில் இருவரும் வருகிறோம், ஆனால் வேலையை விட்டு அங்கே உட்கார்ந்துகொள்ள வரமாட்டேன். அப்பா இன்னும் வாயைத் திறந்து சரி என்று சொல்லவில்லை. நேற்று காலையில் எழுந்து பார்த்தால் பிக்கப் கூரையில் விளக்கு ஏறியிருந்தது, ஏணியை மடித்துச் சுவரில் சாய்த்துக்கொண்டிருந்தார், நான் ஜன்னலில் நிற்பதைப் பார்த்தும் பார்க்காதது போல.

நீ சைக்கிளில் வேலைக்குப் போகும்போது ஹெல்மெட் போடு, வார்டில் இரவு வேலை என்று சாப்பிடாமல் இருக்காதே, போர்வைப் பார்சல் வந்துசேர்ந்தால் ஒரு வரி எழுது. ஆண்டவர் உன்னை அந்தக் கடலுக்கு அப்பாலும் கையில் வைத்துக் காக்கட்டும், உன் மனசில் இருக்கும் கோபத்தையும் சீக்கிரம் ஆற்றட்டும். அப்பா தன் அன்பையும் சேர்த்து எழுதச் சொன்னார், சொல்லவில்லை என்று வைத்துக்கொண்டாலும் எழுதுகிறேன். ஒன்று மட்டும் மறக்காதே, திங்கட்கிழமை பகலில் எனக்குப் போன் பண்ணாதே. ரேடியோவில் என் குரலைக் கேட்டுக்கொண்டு எனக்குப் பின்னால் ஒரு வீடு வரும்.

என்றும் உன்,
அம்மா ஸ்டெஃபா