சுத்தமான டப்பா

மார்ச் 4

என் வாண்டுக்கு,

தலைவலி இல்லை, காய்ச்சல் இல்லை, மூக்கு முட்டச் சாப்பிடுகிறேன். ஆனால் உன் அக்கா வயிற்றில் டைபாய்டு கிருமி குடியிருக்கிறதாம்! தொழிற்சாலையில் நாலைந்து பேர் காய்ச்சலில் படுத்ததும் கேன்டீன் ஆட்கள் எல்லோரையும் பரிசோதித்தார்கள். மாட்டியது நான் ஒருத்திதான். தலைமைச் சமையல்காரியை அடுப்பங்கரைக்குள் விடக்கூடாதென்று டாக்டர் உத்தரவு. ஜன்னலுக்கு வெளியே நின்று, "உப்பு போட்டியாடா?" என்று கத்திக்கொண்டிருக்கிறேன்.

மாத்திரைகள் முடிந்தன. மே மாதம் உன் கல்யாணச் சமையல் என் கையால்தான் என்று சொன்னவள் நீ. உங்கள் லேபில் மலத்தை மூன்று முறை சோதித்துக் கிருமி இல்லை என்று எழுதிக் கொடுத்தால் போதுமாம். நீ கொடுத்த டப்பாவைத் தனியாக அனுப்பியிருக்கிறேன். ஒரு கரண்டி போதும் என்றாய். கிள்ளிக் கொடுத்து எனக்குப் பழக்கமில்லை, நிரப்பிவிட்டேன்.

உன் அக்கா

மார்ச் 12

அன்பு அக்கா,

டப்பாவைத் திறந்ததும் மூடி பறந்தது. லேபே வெளியே ஓடியது. போகட்டும், கிருமி இல்லை! இன்னும் இரண்டு முறை இப்படியே வந்தால் கரண்டி உன் கையில். மாப்பிள்ளை இப்போதே ஒரு வேளை பட்டினி கிடந்து பழகுகிறார், கல்யாணத்தன்று வயிற்றில் இடம் வேண்டுமாம்.

வாண்டு

மார்ச் 17

வாண்டு,

கிருமி எப்படி இருக்கும்? கழுவாத பாத்திரத்தில் நான் எதையாவது போட்டிருக்கிறேனா? கேன்டீன் தரை துடைக்கிற மருந்தை ஊற்றி டப்பாவை ஊறவைத்தேன். உனக்கு வாடை அடிக்கக்கூடாதென்று கொஞ்சத்தை உள்ளேயே விட்டேன். மற்ற இரண்டும் வரும்போது வரட்டும், மானேஜரிடம் இந்த ரிப்போர்ட்டைக் காட்டிச் சம்மதிக்க வைத்துவிட்டேன். அடுத்த வாரம் உள்ளே போகிறேன்!

அக்கா

மார்ச் 21

ஐயோ அக்கா!

போனில் மானேஜரிடம் சொல்லிவிட்டேன், உள்ளே போகாதே. அந்த மருந்து டப்பாவிலிருந்த கிருமியைக் கொன்றிருக்கும். வயிற்றில் இருப்பது யாருக்குத் தெரியும்? என் அதிகாரியிடமும் சொல்லி ரிப்போர்ட்டை ரத்து செய்தேன். முதலிலிருந்து தொடங்க வேண்டும். திட்டாதே. மாப்பிள்ளை என்ன சொன்னார் தெரியுமா? "அக்கா சமைக்கிறப்போ கட்டிக்கிறேன், தேதியைத் தள்ளிப் போடு." நான் இரண்டாம்பட்சம்தான்.

வாண்டு

ஏப்ரல் 9

வாண்டுக்குட்டி,

கோபத்தில் பதில் போடவில்லை. நீ வாயை மூடிக்கொண்டிருந்தால் யாருக்குத் தெரிந்திருக்கும் என்று எழுதி, கிழித்தும் போட்டேன்.

நேற்று வெல்டர் வேலைக்குத் திரும்பினான். காய்ச்சலில் படுத்த அந்த நாலைந்து பேரில் ரொம்ப மோசமாகிப் பிழைத்தவன். சட்டை தொளதொளவென்று தொங்குகிறது. ஜன்னல் பக்கம் வந்து, "எப்பக்கா உள்ள வருவீங்க? இவங்க சமையல் வாயில வைக்க முடியல" என்றான். என் கையால் வந்த காய்ச்சலாயிற்றே! அங்கேயே அழுதுவிட்டேன். "அழாதீங்கக்கா, பசிக்குது" என்கிறான் கடன்காரன்.

நீ செய்ததுதான் சரி. புது டப்பா அனுப்பியிருக்கிறேன். கழுவவில்லை, துடைக்கவில்லை. ஒரே ஒரு கரண்டி. அவ்வளவு கொஞ்சமாக வைக்க எனக்கே கூச்சமாக இருந்தது.

அக்கா

ஜூன் 2

அக்கா! அக்கா!

மூன்றும் சுத்தம்! மூன்றாவதை நானே இரண்டு தடவை பார்த்தேன், அதிகாரியும் பார்த்தார். இந்த முறை நிஜமாகவே இல்லை. கல்யாணம் இருபதாம் தேதி. லேப் முழுக்க வருகிறது. உன்னை இவ்வளவு நெருக்கமாகத் தெரிந்தவர்கள் வேறு யார் இருக்கிறார்கள்?

வாண்டு

ஜூன் 6

என் தங்கமே,

இன்று உள்ளே போனேன். வாசலில் தட்டோடு முதல் ஆளாக நின்றவன் வெல்டர். "நெறையாப் போடுங்கக்கா" என்றான். போட்டேன். அவன் சாப்பிட்டு முடிக்கும்வரை எதிரிலேயே நின்றேன். மறுபடி கேட்டான்.

இப்போது கதவு பக்கத்தில் சோப்பு வைத்திருக்கிறேன். கை கழுவாமல் மானேஜர் வந்தாலும் சோறு கிடையாது. இருபதாம் தேதிக்கும் அதே சட்டம்தான். மாப்பிள்ளையிடம் சொல்லி வை: நகத்தைப் பார்த்துவிட்டுத்தான் இலை போடுவேன். நீ லேபிலிருந்து நேராக வருகிறவள், உனக்கு இரண்டு தடவை சோப்பு.

சீக்கிரம் வாடி.

அக்கா